வளைந்த தடம்

மின்வாரியத்தில் எனக்கு வேலை
மீட்டர் கணக்கெடுப்பது.
கண்டனூரில் ஒரு தெரு முழுக்கப் பூட்டிய வீடுகள்.
போன முறை 4172,
இந்த முறை 4172.
உபயோகம் பூஜ்யம் என்று எழுதிவிட்டு நகர்வேன்.
யாரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை.

ஞாயிறு விடிகாலை
அதே பேனா, வேறு நோட்டு.
செம்பொறைக் கண்மாயின் உள்வாயில்
வற்றி வற்றி
ஒரு வேட்டி அகலத்துக்கு வந்துவிட்ட தண்ணீரைச் சுற்றி
குனிந்தே நடப்பவர்களை எண்ணுகிறேன்.

பொரி உள்ளான் பதினேழு.
பச்சைக்காலி மூன்று, அதில் ஒன்று நொண்டுகிறது.
நொண்டுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
நெடுங்கால் உள்ளான் நாற்பது,
இல்லை, நாற்பத்தொன்று;
ஒன்று இன்னொன்றின் முதுகுக்குப் பின் நின்று
என்னை ஏமாற்றியது.

கொசு உள்ளான்
தையில் இருநூறு, மாசியில் முப்பத்தைந்து.
இன்று கரையை இரண்டு முறை சுற்றிவிட்டேன்.
வடக்கே கிளம்பியிருக்கலாம்.
தொண்டிப் பக்கம் உப்புச்சேற்றுக்கு
இறங்கியிருக்கலாம்.
வலை விரிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

"ரெண்டு போட்டு வைங்க மேடம்,
பாக்க நல்லா இருக்கும்" என்றார்
கூட எண்ண வந்த மருந்துக்கடை ரெத்தினவேலு.
நான் பூஜ்யம் போட்டேன்.
அவசரத்தில் அது
முட்டை வடிவில் வந்துவிட்டது.

திரும்புகையில் காலடியில் கத்திக்கொண்டு ஓடியது
பட்டாணி உப்புக்கொத்தி.
கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம்,
கழுத்தில் கறுப்புப் பட்டை.
ஒரு சிறகு முறிந்ததுபோல் தரையில் இழுத்து
நாலு முழம் போய் விழுந்தது.
திரும்பிப் பார்த்தது.
நான் பின்னால் வரவில்லை என்றதும்
இன்னும் கொஞ்சம் மோசமாக விழுந்தது.

அது அழைத்த திசையை விட்டுவிட்டு
எதிர்ப்பக்கம் தேடினேன்.
டிப்பர் லாரியின் இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவே
நாலு சரளைக்கல்.
நாலில் ஒன்றுகூடக் கல் இல்லை.

சவடு அள்ளும் அனுமதித் தாளில்
பரப்பு உண்டு, ஆழம் உண்டு, கையொப்பம் உண்டு.
ஏழு மணிக்கு முதல் நடை.
கைநீட்டி மறித்தேன்.
"கரண்ட் ஆபீசுக்குக் கம்மாய்ல என்ன வேலை?"
என்றபடி இறங்கினார் பீர் முகம்மது.
காட்டினேன். "எங்க?" என்றார்.
மறுபடி காட்டினேன். "எங்கங்க?"
மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை.

சக்கரத்தைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார்,
கைகளை விரித்து இடைவெளியை அளந்தார்.
"நேத்து ஒம்பது நடை போனேனே."

பழைய டயர் ஒன்றை உருட்டி வந்தவர்
"பயலுக எடுத்துட்டுப் போயிருவானுக" என்று
திரும்ப ஏற்றிவிட்டு
எட்டுச் செம்பொறைக் கற்களை வட்டமாக வைத்தார்.
சீமைக்கருவேலுக்குள் வண்டியை ஒடித்தார்.
முள் கிழித்த பெயின்ட்டைத் தடவிக்கொண்டே
"டீசல் கணக்கு மொதலாளிட்ட நீங்க சொல்லுங்க" என்றார்.
சொல்லத் தயாராக இருந்தேன்.
முதலாளி கேட்கவே இல்லை.

பங்குனி வெயிலில்
வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து
முட்டைகள்மேல் ஈரமாக அமர்ந்தது பறவை.
லாரி வந்தால் எழும்.
போனதும் உட்காரும்.
நாள்கள் இப்படிப் போயின.

மூன்று குஞ்சு.
நாலாவது முட்டையை எறும்பு மொய்த்தது,
அதையும் எழுதினேன்.
பஞ்சில் குச்சி குத்தியதுபோல் மூன்றும்
பிறந்த அன்றே ஓடிப்போயின.

கற்களை யாரோ
அடுப்புக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.
பீர் முகம்மது இப்போது கல்லல் பக்கம் ஓட்டுகிறார்.
புதிதாக வந்த டிரைவர் பையன்
நேராக வந்து, ஒடித்து,
ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றிக்கொண்டு
மறுபடி நேராகிறான்.
ஏன் என்று அவனுக்குத் தெரியாது.
தடம் அப்படிக் கிடக்கிறது.

வளைவுக்கும் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில்
ஒரு கோடாக வரைந்துவைத்தேன்.