ஏழாம் பந்தி

மல்லாவிச் சந்தியில இருந்து
துணுக்காய்ப் பக்கம் நாலாவது கடை.
தர்மிலா தட்டச்சு, போட்டோப் பிரதி, லமினேற்றிங்.
பலகை என்ர. பலகை தொங்கிற ஆணியும் என்ர.
ஆணி இறங்கின சுவர் குலவீரசிங்கத்தாற்ற,
போன கிழமை வரைக்கும்.

இப்ப அது ஒரு லீசிங் கொம்பனியிட.
லீஸ் புதுப்பிக்க மாட்டினமாம்,
லீசிங் கொம்பனி.
இதுக்குச் சிரிப்பு வர
எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

டென்மார்க்குக்கு அடிச்சன். அவர் எடுக்கேல்லை.
அற்றோணிக்காரன் பாக்கியசோதிதான் சொன்னவன்,
மோட்டார் சைக்கிளை நிப்பாட்டாமல்.

ஒப்பந்தம் நான் அடிச்சதுதான்.
மூண்டு வருசத்துக்கு முதல், இதே மேசையில,
பாமினி எழுத்தில.
அஞ்சாம் பந்தி:
"தவணை முடிவில் இரு பகுதியாரும் விரும்பின் புதுப்பிக்கலாம்."
லாம்.
அண்டைக்கு அது திறந்த கதவு எண்டு நினைச்சன்.
கதவு ரெண்டு பக்கமும் திறக்கும்,
ஆக்களை உள்ள விடுறதைப் போல வெளியாலயும் விடும்.
"வேண்டும்" எண்டு அடிச்சிருந்தால்
கூடினது அஞ்சாறு தட்டு.
ஊருக்கெல்லாம் உறுதி அடிக்கிறவள்
தனக்கு அடிக்கேக்க அவசரப்பட்டிட்டாள்.

ஆனா ஏழாம் பந்தி.
மாங்குளத்து நொத்தாரிசு ஒருத்தர்
ஆருக்கோ எழுதின வரைவில இருந்து
சத்தமில்லாமல் எடுத்து வைச்சது:
"விற்பனை நிகழினும், எழுத்து மூலம்
தொண்ணூறு நாள் முன்னறிவித்தல் கிடைக்கும் வரையும்
முற்பணம் முழுதாய்க் கையளிக்கப்படும் வரையும்
குத்தகையாளரின் இருப்பு தொடரும்;
வாங்குநரையும் இது கட்டுப்படுத்தும்."
குலவீரசிங்கத்தார் வாசிக்கேல்லை.
பிளைட்டுக்கு நேரம் போகுது எண்டு
எல்லாப் பக்கத்திலயும் கையெழுத்து வைச்சவர்.

தை இருபத்திரண்டு, பத்தரை மணி.
சேட்டில கொம்பனிப் பேர் குத்தின பெடியன் ஒருத்தன்,
வவுனியாவில இருந்து, டிலக்சனாம்.
"அக்கா, ஒரு கடிதம் அடிக்கவேணும்.
இந்தக் கட்டடத்தில இருக்கிற ஆளுக்கு."
"இருக்கிற ஆள் நான்தான். இருங்கோ" எண்டன்.

முகம் சிவந்திட்டுது. எழும்பப் பாத்தான்.
"மல்லாவியில வேற தட்டச்சு இல்லைத் தம்பி.
பக்கத்துக்கு நூற்றைம்பது. சொல்லுங்கோ."

சொன்னான். அடிச்சன்.
"முப்பது நாட்களுக்குள்" எண்டான்.
கையை எடுத்திட்டு ஏழாம் பந்தியைக் காட்டினன்.
வெளியில போய் ஆரோடயோ கனநேரம் கதைச்சு
திரும்பி வந்து, சின்னக் குரலில,
"தொண்ணூறு போடுங்கோ."
"முற்பணம்?"
திரும்பவும் வெளியில.
"அதையும் போடட்டாம்."

பிறகு சொன்னான்:
"மேற்படி இடத்திலிருந்து இடம்பெயர வேண்டும் என்று..."
அந்தச் சொல்லை நான் அடிக்கேல்லை.
இந்தச் சுவரில எழுபத்து மூண்டு ஓட்டை இருந்தது.
எண்ணித்தான் சீமெந்து பூசினனான்,
அந்தக் கணக்கு ஒரு உறுதியிலயும் இல்லை.
"தம்பி, காலி செய்து ஒப்படைக்கிறது எண்டு போடுவம்.
இடம்பெயர்றது வேற."
அவன் பிறந்தது எந்த வருசமோ.
தலையாட்டினான்.

ரெண்டு பிரதி. ஒண்டில நான் எழுதினன்:
கிடைக்கப்பெற்றேன், இராசேந்திரம் தர்மிலா,
திகதி, நேரம், கையெழுத்து.
முந்நூறு ரூபாய்க்குத் துண்டும் குடுத்தன்.

சித்திரை இருபத்திரண்டு வரைக்கும் இஞ்சதான்.
பிறகு எங்கயெண்டு தெரியாது.
பாலிநகர்ப் பக்கம் ஒரு அறை கேட்டிருக்கிறன்,
வாடகை இதின்ர ரெண்டு மடங்கு.
அங்க "வேண்டும்" எண்டு அடிப்பன்.
அவையள் ஒத்துக்கொள்ளுவினமோ தெரியாது.

வாசலில அவன் நிண்டு கேட்டான்,
"அக்கா, நீங்கள் போனால்
நாங்கள் கடிதம் எங்க அடிக்கிறது?"
கரண்ட் போய் யூபிஎஸ் கத்தத் தொடங்கிச்சுது.
அடையாள அட்டைப் பிரதிக்கு மூண்டு பேர் நிண்டவை.
மறுமொழி சொல்லேல்லை.
சேமிக்கிறதுக்கு
நாலு நிமிசம் இருந்தது.