மெழுகுப் பிடி

நான் பல் கட்டுகிறவன். பீட்டர்மாரிட்ஸ்பர்க், நார்த்டேல்,
மருந்துக் கடைக்குப் பின்னால் ஒற்றை ஜன்னல் அறை.
பகலில் அடுத்தவர் வாய்க்கு அளவெடுத்த பல்,
இரவில் அடுத்தவர் கைக்கு அளவெடுத்த துப்பாக்கி.
ஏழு ரிவால்வர்கள். எதுவும் எனக்குச் சேராது.

ஒன்றின் பிடியில் மோதிரவிரலுக்குப் பள்ளமே இல்லை;
அந்த மனிதருக்கு அது கரும்பாலையில் போயிருந்தது.
ஒன்று இடக்கைக்காரருடையது.
ஒன்றைப் பிடித்தால் என் சுண்டுவிரல் காற்றில் தொங்கும்,
சம்பந்தி வீட்டில் டீ குடிப்பவன் மாதிரி.

தாளைத் தவிர எதையும் துளைக்காதவை.
தடித்த குழல், அதன்மேல் நீள முதுகெலும்பு,
சுத்தியலின் கொம்பை அறுத்து வழித்திருப்பார்கள்.
விசையை எத்தனை மாலைகள் தேய்த்தார்களோ,
இழுத்தால் ஆறு அறையும் ஒவ்வொன்றாக நகரும்,
ஈறின்மேல் நாக்கு நகர்வது போல.
அடுத்தவர் பல்செட்டைப் போட்டுக்கொண்டு
கண்ணாடியில் சிரித்துப் பார்க்கிற ஆள் நான்.

ஹோவிக்கில் ஒரு விதவை விற்கிறாள் என்று
வணிகர் போன் செய்தார்.
ஃபூரியின் ரிவால்வர்.
பெயரைக் கேட்டதும் என் கட்டைவிரலில் பழைய பசை ஒட்டியது.

பன்னிரண்டு வயதில், சனிக்கிழமைகளில்,
இலக்குத் தாள்களுக்கு ஒட்டுப் போடும் வேலை.
கோட்டுக்கு அந்தப் பக்கம் சுடுகிறவர்கள் அவர்கள்,
இந்தப் பக்கம் மண்மேட்டுக் குழியில் குனிந்திருப்பது நாங்கள்.
மற்றவர் தாளுக்கு ஐந்தாறு ஒட்டு.
ஃபூரியின் தாளுக்கு ஒன்று.
ஆறு குண்டும் ஒரே ஓட்டை, ஓரம் பிய்ந்து,
ஒரு கட்டைவிரல் நுழையும் அகலம்.
நுழைத்துப் பார்த்திருக்கிறேன்.
துப்பாக்கியைத்தான் கிட்டத்தில் பார்த்ததில்லை.

இதை அவளிடம் சொல்லவில்லை.
பேரம்தான் பேசினேன்.

மரிட்டா ஃபூரி அதை மேசைத்துணிமேல் வைத்தாள்.
வால்நட் மரப்பிடி, வியர்வையில் கறுத்து,
கட்டைவிரல் கிடந்த இடம் மட்டும் வழுவழுவென்று.
பிறகு இழுப்பறையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் எடுத்தாள்.
ஒரே திருகு. இரண்டு துண்டாகக் கழன்றது மரம்.
"இரும்பு உங்களுக்கு. இது எனக்கு."

அசல் பிடி போனால் பாதி விலை,
எந்தச் சேகரிப்பாளனைக் கேட்டாலும் சொல்வான்.
பாதிதான் தருவேன் என்றேன்.
சரி என்றாள், யோசிக்காமல்.
இரு துண்டையும் சேர்த்து மடியில் அவள் பிடித்திருந்த விதத்தில்
எனக்கு நாக்கு கூசியது.
விலையை ஏற்றவில்லை.

உரிமம் வர ஒன்பது மாதம்.
அதுவரை வணிகரின் இரும்பறையில் கிடந்தது,
செத்தவர் பேரிலும் இல்லாமல் என் பேரிலும் இல்லாமல்.
பிறகு என் பெட்டகத்தில், எட்டாவதாக.
வெறும் எலும்பு.

ஓரிரவு, வேலை மேசையில்,
ஈறுக்கு வைக்கும் இளஞ்சிவப்பு மெழுகை
விளக்கில் வாட்டி அந்த எலும்பைச் சுற்றி அப்பினேன்.
சூடு ஆறுமுன் பிடித்தேன்.
நோயாளிகளிடம் சொல்வதை எனக்கே சொன்னேன்:
கடிச்சுக்குங்க, அசையாதீங்க, முப்பது எண்ணும் வரை.
விரல்களைத் திறந்தேன்.
ஐந்து பள்ளம்.
பசைக் கட்டைவிரலின் ரேகைகூட விழுந்திருந்தது.

சார்ஜென்ட் க்வாலா ஆய்வுக்கு வந்தாள்.
எண்களை வாசித்து டிக் போட்டுக்கொண்டே வந்து
எட்டாவதில் நின்றாள்.
"இதென்ன, ஈறா?"
ஆமாம் என்றேன்.
"சுடுமா?"
"சுடும். இரண்டாவது குண்டுக்குக் கையைவிட்டு நழுவிடும்."
"அப்புறம் எதுக்கு?"
படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.
அவளே சிரித்து, கையெழுத்துப் போட்டு,
தன் தாயாருக்குக் கீழ்வரிசைப் பல் என்ன விலை என்று கேட்டாள்.

டிசம்பர். மலைகளுக்கு நடுவே ஊர்
மூடிபோட்ட பாத்திரமாக வெந்துகொண்டிருந்தது.
பெட்டகத்தைத் திறந்தால் என் கை கொஞ்சம் இறங்கியிருந்தது,
சுண்டுவிரல் மோதிரவிரலோடு ஒட்டி,
ரேகை மழுங்கி.

மறுபடி வாட்டினேன். மறுபடி பிடித்தேன்.
இந்தத் தடவை
இருபதிலேயே விட்டுவிட்டேன்.