நான்காம் தசமம்

ஆட்டுப்பட்டிக்கு வேலியாய் நின்ற கிளுவையில்
மூன்று கிலோ ஒடித்தேன், பெருந்துறைக்குத் தெற்கே.
காட்டுக்காரர் கேட்டார்,
மருந்துக்குங்களா, மாட்டுக்குங்களா?
இரும்புக்கு என்றேன்.
சிரிக்கவில்லை மனுசன்.
"அப்ப அந்தப் பக்கத்துல ஒடிங்க, தழை கொழுப்பா இருக்கும்."

நிழலில் காயவைத்து, பொடித்து,
மூன்று மணி நேரம் குடுவையில் காய்ச்சி வடித்தேன்.
கருப்பட்டிக் காப்பி நிறத்தில் ஒரு சாறு.
ஆய்வுக்கூடம் முழுக்க
மழையில் நனைந்த வேலியின் வாசம்.

ஐந்துக்கு ஒன்று சென்டிமீட்டர் எஃகுத் துண்டு,
தலையில் ஒரு துளை.
உப்புத்தாளில் நான்கு தரம் தேய்த்தேன்,
என் நெற்றிப் பொட்டு
அதில் மங்கலாய்த் தெரியும்வரை.
அசிட்டோனில் கழுவினேன்.
மின்விசிறியை நிறுத்தி, மூச்சையும் நிறுத்தி,
நான்காம் தசமம் வரை எடை குறித்தேன்.

வெறும் அமிலத்தில் தொங்கவிட்ட துண்டு
கோலி சோடா உடைத்ததுபோல் பொங்கிற்று.
கிளுவை கலந்த குவளையிலோ
குமிழிகளை எண்ண முடிந்தது.
ஒன்று.
வெகுநேரம் கழித்து
இன்னொன்று.

இலையிலிருந்து வந்தவை என்ன செய்கின்றன என்று
தேர்வாளர் கேட்டால் மேற்பரப்புக் கவர்ச்சி என்பேன்.
உங்களுக்குச் சொல்வதென்றால்,
ஈரோடு பேருந்து நிலையம், வெள்ளிக்கிழமை சாயங்காலம்.
வண்டி நிற்குமுன்பே ஜன்னல் வழியாகத்
துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகின்றன.
அமிலம் பிறகு ஏறி
கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இரண்டு மணி நேரம் கழித்து எடுத்து நிறுத்தேன்.
வெறுந்துண்டு இழந்தது இருநூற்றுப் பதினான்கு.
கிளுவைத் துண்டு பத்தொன்பது.
கிராமின் பத்தாயிரத்தில் ஒரு பங்குகள் இவை,
பெரிதாக ஒன்றுமில்லை,
ஆனால் தொண்ணூற்றொரு விழுக்காடு.
விடுதி மெஸ்ஸில் அன்று இரண்டு முட்டை வாங்கினேன்.

ஈங்கூரில் கம்பி இழுக்கும் பட்டறை.
துரு போகணும், இரும்பு போகக்கூடாது,
அவ்வளவுதானுங்க என் கணக்கு என்றார் நாச்சிமுத்து.
ஓரத்துத் தொட்டி ஒன்றைக் கொடுத்தார்.
அந்தக் கொட்டகையில் எல்லாமே அரிபட்டிருந்தது,
கூரைத் தகரம், காலண்டர் மாட்டிய ஆணி,
தொட்டிக்காரர் சென்னியப்பனின் சைக்கிள் மணி,
அவருடைய தூக்குப்போசியின் கொக்கி.

முதல் நாள் ஹீட்டர் பழுது. பச்சைத் தொட்டியிலேயே கம்பியை ஊறவைத்தார்கள்.
இரண்டாம் நாள் அறுபது டிகிரி.
இடம் பிடித்தவர்கள் சூடு தாங்காமல்
எழுந்து போய்விட்டார்கள்.
தொண்ணூற்றொன்று, ஐம்பத்தெட்டாயிற்று.
மூன்றாம் நாள் டிரம்மில் மிச்சமிருந்த சாற்றின்மேல்
வெள்ளையாய்ப் பூஞ்சை.

ஏட்டை மூடிவிட்டு
ரப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
"ஏனுங் அம்மிணி," என்றார் சென்னியப்பன்.
"மொதல் நாள் ஊத்துனீங்களே,
அதையே நாளைக்கும் ஊத்துவீங்களா?"

அது தோற்றுப்போச்சுங்க என்றேன்.

"இருக்கட்டுமுங்க.
அன்னைக்கு எனக்கு நெஞ்சு காந்தல.
ராத்திரி இருமல.
ஊட்டுல எந்திரிச்சு வந்து பாத்தாங்க,
என்னாச்சோன்னு."

குமிழி குறைந்தால் ஆவியும் குறையும்.
சூடில்லாத தொட்டியில் இன்னும் குறையும்.
எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிற செய்தி.
நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு
தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.
பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்:
முதல் நாள். முப்பது டிகிரி. இருமல் இல்லை.
ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு இரவு.
நிரூபணம் ஆகாது. தெரியும்.

அலுவலறைக்குப் போய்ச் சொன்னேன்,
ஹீட்டர் இல்லாமல் ஒரு வாரம் கொடுங்கள்,
புதுச்சாறு தினமும் நானே கொண்டு வருகிறேன்.
"சூடில்லாட்டி ஒரு லோடுக்கு
ரெண்டு மணி நேரம் கூட ஆகுமுங்களே,"
என்றார் நாச்சிமுத்து.
கரண்டு மிச்சமாகுமே என்றேன்.

கால்குலேட்டரை எடுத்தார்.
தட்டினார். அழித்தார்.
வெளியே சென்னியப்பன் யாரிடமோ
கிளுவை எங்கெல்லாம் இருக்கிறது என்று
விசாரித்துக்கொண்டிருந்தார்.
இவர் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார்.