மனாமாவில் ஒரு கணப்பு

ஆங்கிலேய ஏஜெண்டின் வீடு என்று கோப்பில் பெயர்.
என் வேலை அளப்பது.
மூன்று நாளாக லேசர் கருவியோடு
மாடி வரவேற்பறையில் மல்லுக்கட்டுகிறேன்.
நான்கு சுவரையும் தாளில் இறக்கினால்
ஒரு மூலை மட்டும் மூட மறுக்கிறது.
ஏழு சென்டிமீட்டர் வாய்.

துரை வரைந்த படத்தில் எல்லா மூலையும் செங்கோணம்.
கட்டியவர்கள் அதைப் பார்த்தார்களோ என்னவோ,
முழம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.
யார் முழமோ. கை நீளமானவர்.

பதினெட்டடி அகலம் கேட்டிருக்கிறான்.
கிடைத்தது பத்து.
ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பாய்மரத்தில் வந்த
சந்தல் கழியின் நீளம் அவ்வளவுதான்.
கழி எவ்வளவோ அவ்வளவே அறை,
பேரரசானாலும்.
நடுவில் ஒரு வளைவை நிறுத்தி
இரண்டு அறையை ஒன்றென்று பேர்பண்ணிக்கொண்டான்.

பூச்சு உரிக்கும் கீழக்கரை நெய்னா
சுவரைத் தடவி விரலை நாக்கில் வைத்தார்.
"முருகைக்கல்லு மேடம். இன்னும் கடல் வத்தல."
ஆகஸ்டு. சுவருக்கும் வியர்க்கிறது.
காலையில் துடைத்த உப்பு
அசருக்கு பாங்கு சொல்லும்போது மறுபடி பூத்திருக்கிறது.

கிழக்குச் சுவரில் கணப்பு.
இரண்டு குட்டைத் தூண், மேலே பூவேலை,
வெளியே நாற்பத்திரண்டு டிகிரி.
டார்ச்சோடு தலையை உள்ளே விட்டேன்.
கரி இல்லை.
ஒரு பொட்டு புகைக்கறை இல்லை.
மொட்டைமாடி ஏறிப் பார்த்தால்
புகைபோக்கிக்கு வாயே வைக்கவில்லை.
நாற்காலிகள் எந்தப் பக்கம் பார்த்து உட்காரும்,
அதற்காகக் கட்டியிருப்பான்.
அதன் எதிரில் அமர்ந்து
அவன் மனைவி என்ன பேசினாளோ,
கோப்பில் அது இல்லை.

மூலையை மூடாமலே வரைந்து அனுப்பினேன்.
கருவியைப் பழுது பார்க்கச் சொல்லி பதில் வந்தது.

வீடு இனி அருங்காட்சியகம்.
ஏசி வேண்டும், குழாய் கண்ணில் படக் கூடாது.
பொறியாளர் ஹனான் என் படத்தின்மேல்
பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள்,
புகைபோக்கிக்குள்ளேயே.

வெள்ளோட்டம் பார்த்த அன்று
கணப்பிலிருந்து புஸ்ஸென்று புறப்பட்டது குளிர்.
நெய்னா சுத்தியலைக் கீழே வைத்தார்.
பெயின்டர் ஜோபி, இரண்டு பலூச்சிப் பையன்கள், நான்,
ஒருவரும் சொல்லாமலே
அரைவட்டமாக உட்கார்ந்து
உள்ளங்கைகளை நீட்டி
குளிர்காய்ந்தோம்.

ஒரு மணிக்கு ஹனான் வந்து நின்றாள்.
யாரும் எழவில்லை.
கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னாள்.