மேனேஜர்

வந்த அன்றே கேன்டீனில் எழுந்து நின்று
"நான் மேனேஜர்" என்றார் ரெமி துவால்.
மொழிபெயர்த்தது நான்.
மறுநாள் காலை அவர் அறை வாசலில்
லீவ் லெட்டரோடு நான்கு பேர்,
அட்வான்ஸ் கேட்டு சென்னகேசவன்.
எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.
ஆட்டோகிராப் கேட்கிறார்கள் என்று நினைத்தாராம்.

உண்மையில் அவர் வந்தது பீப்பாய் எண்ண.
மச்சினனின் ஜூஸ் கம்பெனிக்கு
கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரா மாம்பழக் கூழ்.
நான் லேப். ஒரு சொட்டுக் கூழைக் கண்ணாடியில் வைத்து
இனிப்பு எத்தனை டிகிரி என்று படிப்பவள்.
பிரெஞ்சு, பாண்டிச்சேரியில் மூன்று வருஷம்.
சோறு போடாது என்று அப்பா சொன்ன பிரெஞ்சு.

அதற்கு முன்னால் அவர் ஸ்ட்ரைக்கர்.
இரண்டாம் டிவிஷனில் பதினோரு வருஷம்,
நூற்றேழு கோல்.
எது எந்தக் காலில் என்று கேட்டால்
மழை பெய்ததா என்பதையும் சேர்த்துச் சொல்வார்.
முதல் டிவிஷனில் ஒரே ஒரு மாலை,
பத்தொன்பது நிமிஷம்.
மூன்று முறை பந்தைத் தொட்டார்.
அப்புறம் முட்டிக்குள் ஒரு சத்தம்,
முருங்கைக் கிளை முறிகிற மாதிரி.
அவர் சொன்னது வேறு ஏதோ மரம்.

பிறகு மேனேஜர். மூன்று ஊர்,
மூன்று முறையும் வேலை போனது.
கடைசி ஊரில் யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை,
காரை நிறுத்தப் போனால்
தரையில் எழுதியிருந்த அவர் பெயர்மேல்
ஒருவன் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறான்.
ஒரு கோட் போதவில்லை, தெரிந்தது, என்றார்.

எங்கள் அணி ஷிப்ட் முடிந்து நேராக மைதானத்துக்கு வரும்.
முழங்கை வரை மாம்பழ மஞ்சள்.
கோல்கீப்பர் திம்மராயன் பிடித்த பந்தில்
பத்து விரலும் பதிந்திருக்கும்,
ஈக்கள் பந்தின் பின்னால் ஓடும்.
முனவ்வர் ஃபோர்க்லிப்ட் ஓட்டுபவன், முன்னால் ஆடுபவன்.
பாஸ் என்பது அவனுக்கு
பரீட்சையில் மட்டும் நடக்காத காரியமல்ல.

ரெமி சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நிற்பார்.
நான் ஆட்டத்தைப் பார்க்கமாட்டேன், அவர் வலது காலைப் பார்ப்பேன்.
முனவ்வர் உதைப்பதற்கு ஒரு நொடி முன்பே
அது தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பும்.
அந்த ஒரு நொடிதான்
எங்கள் அணியின் குறை.

ஆடி மாத டோர்னமென்ட் பைனல்,
ஓசூர் ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியோடு.
பாதி ஆட்டத்தில் இரண்டுக்குப் பூஜ்யம்.
ரெமி நான்கு நிமிஷம் பேசினார்.
அந்தப் பத்தொன்பது நிமிஷம் அதில் வந்தது, அவர் அம்மா வந்தாள்,
பெயிண்ட் அடித்தவன் வந்தான், குரல் உடைந்தது.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
"முனவ்வரு, பந்த விடுப்பா.
கேசவன் காலியா நிக்கிறான்" என்றேன்.
அவ்வளவுதானா என்று கேட்டார் ரெமி.
தமிழ் சின்ன மொழி, சீக்கிரம் முடிந்துவிடும் என்றேன்.
என் ஆயுளில் அதுதான் பெரிய பொய்.

முனவ்வர் விட்டான், ஒரே ஒரு முறை.
சென்னகேசவன் முழங்காலில் பட்டு உள்ளே போனது.
இரண்டுக்கு ஒன்று.

கடைசி நிமிஷம். பந்து கோட்டைத் தாண்டி
உருண்டு அவரிடம் வந்தது. எங்கள் த்ரோ.
முறிந்த காலாலேயே நிறுத்தினார்,
தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல.
மைதானம் மொத்தமும் கத்துகிறது.
முனவ்வர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு
"சார், பந்து, சார்" என்கிறான்.
அவர் தரவில்லை. காலடியில் வைத்துக்கொண்டு
கோல் கம்பத்தைப் பார்க்கிறார்.
மூன்று நொடி இருக்கும். நான் எண்ணினேன்.
தந்தார். விசில் ஊதிவிட்டது.

தோற்றதற்கு அந்த மூன்று நொடிதான் காரணம் என்று
திம்மராயன் இன்றைக்கும் சொல்வான்.
மற்றவர்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

சீசன் முடிந்து கடைசிக் கன்டெய்னரோடு அவரும் போனார்.
கார்த்திகையில் ஆடிட் வந்தது.
சென்னகேசவனின் எட்டாயிரத்துக்கு
யார் அனுமதி என்று கேட்டார்கள்.

மேனேஜர் என்றோம்.