கதவில்லாத பறி

ஜூஷானில் கொடுத்த கழுத்தட்டையில்
என் பெயர் பாதியில் முடிந்திருந்தது.
லால்ரெம்ருவாதிக்கு அச்சு இயந்திரம் ஒதுக்கிய இடம்
'லால்' வரைதான்.
பரவாயில்லை,
மிசோரத்தில் பாதிப் பேர் லால்.

பட்டறை முன்பு நூடுல்ஸ் ஆலையாக இருந்தது.
மழை பிடித்தால் கூரையிலிருந்து
பழைய மாவின் வாசனை இறங்கும்.
எங்களை வரவழைத்த லியாவ் ஷூஹுவெய்
ஸ்கூட்டரின் பக்கவாட்டில்
ஆறு மீட்டர் மூங்கிலைக் கட்டிக்கொண்டு
மலை வளைவுகளில் சாய்ந்து வருவாள்.
எதிரே வரும் பேருந்து
ஒதுங்கி நிற்கும்.

கொலம்பியாவின் யாமிலே
எதைப் பார்த்தாலும்
"எங்கள் குவாதுவா இதைவிடப் பருமன்" என்பாள்.
இஃபுகாவோ மலைக்காரன் துல்நுவான்
எந்த நகைச்சுவைக்கும்
எல்லோரும் ஓய்ந்த பிறகு சிரிப்பான்.

அழைப்புத் தாளில் 'பகிர்ந்துகொண்ட மரபு' என்றிருந்தது.
பங்கு என்று வந்தால் பங்காளிச் சண்டையும் வருமே.
அறுகண் பின்னல் யாருடையது என்று
முதல் வாரம் முழுக்க
கைப்பேசியில் படம் காட்டி வாதாடினோம்.
என் ஊர்க் கோழிக்கூண்டு,
அவள் ஊர்க் காப்பிக்கூடை,
அவன் முதுகுச்சுமை,
லியாவின் தொப்பி.
தீர்ப்புச் சொல்ல ஆளில்லை.

பிறகு ஒரு மாலை
பேச்சு மீனுக்குப் போனது.
நான்கு பேரும் நான்கு தாளில் வரைந்தோம்:
அகன்ற வாய்,
உள்நோக்கிக் கூர்ந்த பிளாச்சுகளால் ஒரு தொண்டை.
நுழையலாம், திரும்பலாகாது.
தாள்களை மேசையில் வைத்தபோது
யாரும் பேசவில்லை.
மீன் எப்படி ஏமாறும் என்பதை
நான்கு மலைகளும்
ஒன்றுபோல நினைத்திருக்கின்றன.

பதினேழு நாள் பின்னினோம்.
வாய் யாமிலே, தொண்டை துல்நுவான்,
வயிறு நான், வால் லியாவ்.
என் கட்டைவிரலில் ஏறிய சிலாம்பை
ஊசிமுனையால் எடுத்துக்கொண்டே
லியாவ் கேட்டாள்,
உனக்கு மூங்கில் பிடிக்குமா?

பிடிக்குமா என்று யோசித்ததில்லை.
நான் ஆறாவது படிக்கையில் காடு பூத்தது.
பூத்தால் காய்க்கும்,
காய்த்தால் எலி பெருகும்,
எலி பெருகினால் வயல் எங்களுடையது அல்ல.
ஒரு வாலுக்கு அரசு இரண்டு ரூபாய் தந்தது.
நூற்றுப் பத்து வால்களைச் சணலில் கோத்து
அலுவலகத்தில் எண்ணிக் கொடுத்து
மழைக்காலணி வாங்கினேன்.
சிவப்பு நிறம். ஓர் எண் பெரியது.

லியாவ் ஊசியைக் கீழே வைத்தாள்.
வெளியே அவள் மூங்கில்கள்
பச்சையாக, பூக்காமல் நின்றன.

பறியை ஓடையில் இறக்கியது
கண்காட்சிக்கு முந்தைய இரவு.
காட்சிமேடையில் உலர்ந்து கிடக்க அல்ல
என்று பிடிவாதம் பிடித்தவள் யாமிலே.
விடியலில் உள்ளே
ஒரு விலாங்கு
முழங்கை நீளத்துக்கு, கறுத்து, கோபமாக.

எடுக்கப் போனோம்.
எடுக்க வழியில்லை.

கதவு வாலில் இருக்கும் என்று நான்.
வயிற்றில் வைத்திருப்பாய் என்று லியாவ்.
எங்கள் ஊரில் வாயருகே வைப்பார்கள் என்று துல்நுவான்.
யாமிலே எதுவும் சொல்லாமல்
தொண்டைக்குள் கைவிட்டு
கீறலோடு எடுத்தாள்.

நான்கு பேர் சேர்ந்து
நால்வரும் மற்றவரை நம்பி
பிசகின்றி முடித்த பொறி.

கத்தியை நான்தான் வைத்தேன்.
என் வயிற்றுப்பகுதி, என் பதினேழு நாள்.
ஒன்பது பட்டை அறுந்ததும்
விலாங்கு என் மணிக்கட்டின் மேல் வழுக்கி
ஓடைக்குப் போய்விட்டது.
காலை உணவு முட்டைதான்.

திறப்புவிழாவில் நகராட்சி அதிகாரி
அந்தக் கிழிசல் முன்னால் வெகுநேரம் நின்றார்.
இது எதைக் குறிக்கிறது என்று கேட்டார்.
லியாவ் மொழிபெயர்த்தாள்,
எங்களைப் பார்க்காமல்.
"மீனை வெளியே எடுக்கும் வழி" என்றேன்.
சிறு நோட்டில் குறித்துக்கொண்டார்.
குனிந்தார்,
முகர்ந்தார்,
மெல்ல ஓரடி பின்வாங்கினார்.

அப்போதுதான்
காலையில் நடந்ததற்குச்
சிரிக்கத் தொடங்கினான் துல்நுவான்.