கூட்டக் குறிப்பு

தலவாக்கலை. பிரதேச செயலக மாடி.
ஜன்னலைச் சாத்தியும் மழை உள்ளேதான் இருந்தது.
தேத்தண்ணி கொண்டுவந்த பையனை
வாசலிலேயே நிறுத்தி
தட்டை நானே வாங்கிக்கொண்டேன்.
அவனும் அந்தத் தோட்டத்துப் பிள்ளை.

என் வேலை குறிப்பெடுப்பது.
சிங்களத்தில் சொன்னதைத் தமிழுக்கும்
தமிழில் தயங்கியதைச் சிங்களத்துக்கும்
சிந்தாமல் கொண்டுபோவது.

கலைவதனி டீச்சர் இடாப்பைத் திறந்தார்.
மாசியிலிருந்து வெள்ளிக்கிழமைகளில்
ஒரே பெயருக்கு நேரே சிவப்புக் கோடு.
"தம்பியப் பாத்துக்க நிக்கிறாளாக்கும்னு நெனச்சேன்."

டிஸ்பென்சரி அந்தோனிமுத்து கொப்பியைக் கொண்டுவரவில்லை.
நோயாளி கதையை வெளியே விடாமல்
இருபத்தாறு வருசம் பூட்டிய வாய்.
சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும்,
இந்த அறைக்குள், இவ்வளவு மட்டும் என்றாள்
நன்னடத்தை உத்தியோகத்தர் தில்ருக்‌ஷி.
அவர் கூரையைப் பார்த்தார். பிறகு
சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு.
வயிற்றுவலி, மூன்று தரம்.
மூன்றும் சனிக்கிழமைக் காலை.
மூன்று தரமும் பூச்சி மருந்து கொடுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை.

குடும்பநல மாது சுமனாவதி
கைக்குழந்தையை நிறுக்கப் போன காம்பரா அது.
வீட்டில் ஐந்து பேர்.
கழுவிக் கவிழ்த்த கோப்பை ஆறு.
லொறியில் வரும் சொந்தக்காரராம்.
தாய் கொழுந்துக்குப் போன நேரம்.
கோப்பைக்கெல்லாம் அவள் படிவத்தில் கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள்.

பள்ளிக்கும் டிஸ்பென்சரிக்கும் நடுவே
ஒரு பாலம்தான்.
அந்தச் சனிக்கிழமை
இந்த வெள்ளிக்கிழமையிடம் வந்துசேர
நாலு மாசம் எடுத்திருக்கிறது.

பிள்ளை டீச்சரிடம் சொன்னது ஒரே வசனம்.
"வெள்ளிக்கிழம வராம இருந்தா நல்லம் மிஸ்."
மொழிபெயர்த்தேன்.
பொலிஸ் பெண்கள் பிரிவிலிருந்து கேட்டார்கள்:
எது வராமல்? நாளா, ஆளா?
எனக்குத் தெரிந்தது.
அறையில் எல்லோருக்கும் தெரிந்தது.
ஆனாலும் அந்த வசனத்தில் ஆள் இல்லை.
நான் ஆளைச் சேர்க்கவில்லை.
கேட்கப் படித்தவர் கேட்கட்டும்,
ஒரே ஒருதரம்.
ஒவ்வொரு மேசைக்கும் முன்னால் நிறுத்தி
அவளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்க வேண்டாம்
என்று மட்டும் இரண்டு மொழியிலும் எழுதினேன்.

பெயர் எழுதவில்லை. "பிள்ளை" என்று போட்டேன்.
தோட்டத்தின் பெயரையும் வெட்டினேன்.
யார் எப்போது போவது, தாயிடம் யார் பேசுவது,
ஜீப்பா, முச்சக்கர வண்டியா
(ஜீப் வந்தால் லயமே வாசலுக்கு வந்துவிடும்)
எல்லாம் முடிய மூன்று நாற்பது.
டீச்சர் மட்டும் எழும்பவில்லை.
கோடுகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.
பதினொன்றில் நிறுத்தி
மறுபடி முதலிலிருந்து.

கடைசி பஸ்ஸில் கொண்டக்டர் கேட்டான்,
"என்ன மிஸ், பெரிய மீட்டிங்கா?"
"ரோட்டு விசயம்" என்றேன்.
நனைந்த குடைகள் நடுவே
பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

இன்றைக்குப் புதன்.